ஏந்தும் கைகள்

கொடுப்பதைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். கொடையின் சிறப்பைப் போற்றாத சமயமில்லை, இலக்கியமுமில்லை. பெறுவதைப் பற்றியோ எவரும் நமக்கு அவ்வளவாகக் கற்பித்ததில்லை. பெறுவதற்குக் கற்க என்ன இருக்கிறது, கையை நீட்டினால் போதாதா என்றே பலரும் எண்ணுகிறோம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். எங்கள் ஆலயத்துக்குப் பின்னாலுள்ள செம்மண் திடலில் ஒரு சனிக்கிழமை மாலை கண்ட காட்சி அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது.

கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர், ஊர்ச் சிறுவர் பத்துப் பன்னிரண்டு பேரை வரிசையாக நிறுத்திக் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசையின் கடைசியில் ஒன்பது வயது மதிக்கத்தக்க ஒரு பையன். அவன் முறை வந்தபோதெல்லாம் பந்து அவன் கையில் பட்டுத் தெறித்தது. பந்து நெருங்கும் கணத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வான், கண் மூடிக்கொள்ளும், கைகளோ விறைத்து இரண்டு பலகைகளாகிவிடும். நான்காவது முறை விரல் நுனியில் பட்டுவிட்டது. வலியை மறைக்கக் கையை உதறிக்கொண்டு நின்றான். இளைஞர் அருகில் வந்தார். கோபிக்கவில்லை. "எலே, பந்தப் பிடிக்கப் போவாத. அது வரட்டும். வந்ததும் அது கூடவே கொஞ்சம் போ" என்றார்.

அந்தப் பையனுக்கு அது எவ்வளவு விளங்கியதோ தெரியாது. எனக்கு அன்றிரவு தூக்கம் கெட்டது. பிடிக்கப் போகாமல் பிடிப்பது எப்படி? பெறுதல் என்பது நாம் செய்யும் செயலா, அல்லது நமக்கு நேரும் நிகழ்ச்சியா? செயலென்றால், வருகிற பந்தைப் பறிக்க முயன்றவன் ஏன் நழுவவிடுகிறான்? நிகழ்ச்சியென்றால், கையை நீட்டிச் சும்மா நின்றவன் ஏன் காயப்படுகிறான்?

இக்கேள்விக்கு விடை தேடப் புத்தக அலமாரிக்குப் போகுமுன் திடலுக்கே திரும்பிப் போவது நல்லது. பந்து பிடிக்கும் பயிற்சியின் பாலபாடம் மிக எளிமையானது. கால்களைத் தோளகலத்துக்குப் பரப்பி, முழங்காலைச் சற்றே மடக்கி, உடலின் பாரத்தைக் குதிகாலில் விடாமல் முன்பாதத்தில் தாங்கி நிற்க வேண்டும். பந்து மார்புக்குக் கீழே வந்தால் இரு சுண்டுவிரல்களும் சேர்ந்திருக்க, விரல்கள் தரையை நோக்க வேண்டும். மார்புக்கு நேராகவோ மேலாகவோ விரைந்து வந்தால் கட்டைவிரல்கள் சேர்ந்திருக்க, விரல்கள் வானை நோக்க வேண்டும். விரல் நுனி ஒருபோதும் பந்தை நோக்கி நீளக்கூடாது. விரல் முறிவது அப்படித்தான். உயரத்திலிருந்து விழும் பந்துக்கு இரு வழிகள் உண்டு. உள்ளங்கைகளைக் கிண்ணம்போல் குவித்து ஏந்துவோர் ஒருசாரார். உள்ளங்கைகளைப் பந்துக்கு எதிரே காட்டி, விரல்கள் மேல்நோக்க முகத்துக்கு நேரே வாங்கிக்கொள்வோர் மற்றொரு சாரார். இரண்டிலும் பொதுவான விதிகள் இரண்டு. கண் கடைசிவரை பந்தை விட்டு அகலக்கூடாது. பந்து உள்ளங்கையைத் தொட்டதும் கைகள் அதன் போக்கிலேயே உடலை நோக்கிச் சிறிது பின்வாங்க வேண்டும்.

இந்தப் பின்வாங்கலில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கிரிக்கெட் பந்தின் எடை சுமார் 160 கிராம். மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஒரு நொடியில் 30 மீட்டர் கடக்கிறது. அதை விறைத்த கையால் 2 சென்டிமீட்டர் தொலைவுக்குள் நிறுத்த முயன்றால், கையின்மீது விழும் சராசரி விசை ஏறத்தாழ 360 கிலோ பாரத்துக்குச் சமம். அதே பந்தோடு கையும் 20 சென்டிமீட்டர் பின்னோக்கிப் பயணம் செய்தால், அந்த விசை பத்தில் ஒரு பங்காக, 36 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. பந்து அதேதான், வேகமும் அதேதான். மாறியது ஏற்றுக்கொண்ட விதம் மட்டுமே. கல்லாக நின்ற கையைப் பந்து தண்டிக்கிறது. அவசரப்பட்டுப் பாய்ந்த கையைவிட்டு நழுவுகிறது. இளகிய கையில் தங்குகிறது.

ஏற்கப்படுவது எதுவும் ஏற்கும் கலத்தின் இயல்புக்குத் தக்கபடியே ஏற்கப்படுகிறது என்பது புனித தாமஸ் அக்குவினாஸ் பல இடங்களில் ஆளும் கருத்து. மெய்யியல் வகுப்பில் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிய அந்தக் கோட்பாடு, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஒரு சிறுவனின் சிவந்த உள்ளங்கையில்தான் எனக்குப் பொருளாயிற்று. பெறுதல் செயலற்றிருத்தல் அன்று. அது தன்னை இளக்கிக்கொள்ளும் செயல். வருவதற்கு இடம்விடும் செயல்.

வாழ்க்கையிலும் இவ்விரு பிழைகளையே நாம் மாற்றி மாற்றிச் செய்கிறோம். உழைத்து உழைத்தே முதுமையடைந்த தந்தை, மகன் தரும் பணத்தை வாங்க மறுக்கிறார். "எனக்கெதுக்குப்பா" என்று அவர் சொல்வது பெருந்தன்மைபோல் தோன்றினும், அந்த விறைத்த கையில் பட்டுத் தெறித்து விழுவது மகனின் அன்பு. மற்றொருவரோ, அன்பு தானாக வரும்வரை பொறுப்பதில்லை. பாராட்டையும் நன்றியையும் பாய்ந்து பறிக்கப் பார்க்கிறார். அவர் கைக்கும் எதுவும் எட்டுவதில்லை. அறிவுரை, கண்டனம், மன்னிப்பு ஆகிய மூன்றும் இவற்றிலும் வேகமாக வரும் பந்துகள். அவற்றை எத்தனை பேர் ஏந்துகிறோம்?

இங்கே அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் பந்தைத் தடுக்கும் பதினொருவரில் கையுறை அணிய இசைவு பெற்றவர் விக்கெட் காப்பாளர் ஒருவரே. ஏனைய பதின்மரும் வெறுங்கையர். அவ்வாறிருந்தும், மட்டைக்கு ஓரிரு மீட்டர் அருகில், தலைக்கவசமும் இன்றிக் குனிந்து நின்றவர் ஏக்நாத் சோல்கர். 27 டெஸ்ட் போட்டிகளில் 53 கேட்சுகள் அவர் கையில் தங்கின. 1971 ஆகஸ்டில் இலண்டன் ஓவல் திடலில் இங்கிலாந்து மண்ணில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டபோது, நம் சென்னைக்காரர் வெங்கடராகவனின் பந்தில் ஆலன் நாட் தட்டிவிட்டதை முன்னே பாய்ந்து தரைக்குச் சற்று மேலே ஏந்தியவர் அவரே. அக்காலத்தில் நம் சுழற்பந்து வீச்சாளர்களின் புகழில் பாதி, மட்டையருகே நின்ற இத்தகைய கைகளுக்குரியது. அச்சமே இல்லாத மனிதர் அங்கே நிற்பதில்லை என்றே நினைக்கிறேன். அச்சம் வந்தபோதும் கண்ணை மூடாதிருக்கப் பழகியவரே நிற்கிறார்.

பழக்கம் என்ற சொல் நம்மை அரிஸ்டாட்டிலிடம் கொண்டு சேர்க்கிறது. வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கொத்தனாகிறான். அதுபோல நேர்மையானவற்றைச் செய்து செய்தே நேர்மையாளனாகிறான் என்பது அவர் கொள்கை. இதில் ஒரு சிக்கல் உண்டென்பதையும் அவரே எடுத்துப் பேசுகிறார்: நேர்மையானதைச் செய்பவன் ஏற்கெனவே நேர்மையாளன்தானே? திடலைக் கண்டால் சிக்கல் அவிழ்கிறது. முதல் வாரத்தில் அந்தப் பையன், அண்ணன் சொன்னதற்காகக் கையை இளக்குகிறான். அது அவனுடைய செயலேயானாலும் இன்னும் அவனுடைய இயல்பன்று. ஆயிரம் பந்துகளுக்குப் பிறகு எவரும் சொல்லாமலே கை இளகும். விரைவாக வரும் பந்தைப் பிடிக்க அரை நொடி கிடைப்பதே அரிது. அதற்குள் சிந்தித்துத் தீர்மானிக்க நேரமில்லை. அந்த அரை நொடியில் வெளிப்படுவது அதற்கு முந்தைய ஆயிரம் மாலைகளே. சோதனை வேளையில் நாம் சொல்லிவிடும் பொய்யும் உண்மையும் அப்படித்தான். அந்தக் கணத்தில் பிறப்பதுபோல் தெரிந்தாலும், அவை வெகுநாள் முன்பே பழகியவை.

பெற்றது எப்போது நம்முடையதாகிறது? ஆட்ட விதி இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது. பந்தின்மீதும் தன் உடலசைவின்மீதும் ஆட்டக்காரருக்கு முழுக் கட்டுப்பாடு வந்த பிறகே கேட்ச் நிறைவுறும். 1999 ஜூன் 13 அன்று லீட்ஸ் நகரில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் ஹெர்ஷல் கிப்ஸ், ஆஸ்திரேலிய அணித்தலைவர் ஸ்டீவ் வாஹ் தந்த எளிய கேட்சைக் கையில் வாங்கினார். வாங்கிய வேகத்திலேயே மகிழ்ச்சியில் பந்தை மேலே எறிய முயன்றார். கட்டுப்பாடு கைக்குள் வருமுன் பந்து நழுவிவிட்டது. 56 ஓட்டங்களில் வீழ்ந்திருக்க வேண்டிய வாஹ் 120 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார், ஆஸ்திரேலியா வென்றது. அதே ஆட்டத்தில் கிப்ஸ் சதம் அடித்திருந்தார் என்பதை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? கிடைத்ததைக் கையில் நிலைக்கவிடாமல் கொண்டாடத் துடிக்கும் அவசரம் நம் எல்லாருக்கும் உரியது.

தவறவிட்டவனை நாம் என்ன செய்கிறோம் என்பதும் ஓர் அறக் கேள்விதான். 1902 ஜூலையில் மான்செஸ்டர் நகரின் ஓல்டு டிராஃபோர்டு திடலில் ஃபிரெட் டேட் என்ற பந்துவீச்சாளர் இங்கிலாந்துக்காகத் தம் ஒரே டெஸ்ட் போட்டியை ஆடினார். தம் மாவட்ட அணிக்காக மட்டையருகே ஸ்லிப்பில் நின்று பழகியவரை எல்லைக்கோட்டருகே நிறுத்தினார்கள். ஆஸ்திரேலிய அணித்தலைவர் ஜோ டார்லிங் அடித்த பந்து அங்கே உயரமாக வந்தது; நழுவிற்று. ஆஸ்திரேலியா எடுத்த 86 ஓட்டங்களில் டார்லிங்கின் பங்கு 37. இறுதியில் இங்கிலாந்தின் கடைசி மட்டையாளராகவும் டேட்டே வர நேர்ந்தது. ஒரு நான்கு அடித்தார். பின்பு ஸ்டம்பைப் பறிகொடுத்தார். மூன்றே ஓட்டங்களில் தோல்வி. பழக்கமில்லாத இடத்தில் நிறுத்தியவர்களை விட்டுவிட்டு, நின்றவரையே உலகம் நினைவில் கொண்டது. அவருடைய மகன் மாரிஸ் டேட் 1924-இல் தம் முதல் டெஸ்ட் போட்டியின் முதல் பந்திலேயே விக்கெட் எடுத்து, 155 விக்கெட்டுகள் வரை வளர்ந்ததைத் தந்தை உயிரோடிருந்து கண்டார் என்பது ஆறுதல். ஆனால் மகன் வென்றால்தான் தந்தையை மன்னிப்போமா? வீட்டிலும் பள்ளியிலும் ஒரு தவறைச் சொல்லியே ஒரு பிள்ளையை ஆயுள் முழுவதும் அழைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அடுத்த பந்து வரும்போது அந்தப் பிள்ளையின் கை மேலும் விறைக்கும். தவறவிட்டவனிடமே அடுத்த பந்தையும் நம்பி எறிவதுதான் மன்னிப்பின் செயல்வடிவம்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். ஏறத்தாழ ஆறு வாரங்கள் கழிந்திருக்கும். சிறுவர்கள் இரு அணியாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். தாழ்வாக வந்த ஒரு பந்தை நோக்கி அந்தப் பையன் குனிந்தான். முகத்தைத் திருப்பவில்லை, கைகள் இளகின, பந்து கைக்குள் இருந்தது. திடலே ஆர்ப்பரித்தது. அவன் முதன்முதலாகப் பிடித்த கேட்ச் அது. மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரணிச் சிறுவன் நடக்கத் தொடங்கிவிட்டான். அப்போது இவன் மெல்லச் சொன்னான்: "இல்லண்ணே, தரையில பட்டுட்டு."

கேட்சின் உண்மை விசித்திரமானது. பந்து விரலுக்கும் புல்லுக்கும் இடையே இருந்ததா, புல்லைத் தொட்டதா என்பதை அறிந்தவர் பல வேளைகளில் பிடித்தவர் ஒருவரே. தொலைவிலிருந்து படம்பிடிக்கும் கருவி ஆழத்தைத் தட்டையாக்கிவிடுவதால், விரல்மேல் இருக்கும் பந்தும் தரையில் இருப்பதுபோலத் தெரியும். எத்தனை கோணங்களில் பார்த்தாலும் ஐயம் தீராத கேட்சுகள் இன்றும் உண்டு. எல்லாரும் பார்த்திருக்க, ஒருவர் மட்டும் அறிந்த உண்மை அது. மனச்சான்று குடியிருப்பது அத்தகைய இடத்தில்தான். 2003-இல் முல்தான் நகரில் வங்கதேசத்துக்கு எதிராகத் தாம் நழுவவிட்ட பந்தைப் பிடித்ததாகக் கோரிய பாகிஸ்தான் அணித்தலைவரும் விக்கெட் காப்பாளருமான ரஷீத் லத்தீஃபுக்கு ஐந்து ஒருநாள் போட்டிகளில் ஆடத் தடை விதிக்கப்பட்டது. அந்த ஆட்டத்தில் பாகிஸ்தான் ஒரே ஒரு விக்கெட் வேறுபாட்டில் வென்றிருந்தது. 1980 பிப்ரவரியில் பம்பாயில் நடந்ததோ வேறு. இங்கிலாந்தின் பாப் டெய்லர் விக்கெட் காப்பாளரிடம் கேட்ச் கொடுத்ததாக நடுவர் தீர்ப்பளித்துவிட்டார். ஸ்லிப்பில் நின்ற இந்திய அணித்தலைவர் குண்டப்பா விஸ்வநாத், பந்து மட்டையில் படவில்லை என்று கருதி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ஓட்டங்கள் குவித்தனர். இந்தியா பத்து விக்கெட் வேறுபாட்டில் தோற்றது. அந்தத் தோல்வியை நினைத்து விஸ்வநாத்தைப் பழித்தவர் எவரையும் நான் சந்தித்ததில்லை.

அந்தப் பையனின் சொல் என்னைச் சுட்டதற்குக் காரணம் உண்டு. 1983 ஜூன் 25 அன்று இலண்டன் லார்ட்ஸ் திடலில் கபில்தேவ் பின்னோக்கி ஓடி விவியன் ரிச்சர்ட்ஸின் கேட்சைப் பிடித்தார்; இந்தியா உலகக் கோப்பையை வென்றது. அந்த ஆண்டு நான் விடுதியில் தங்கிப் படித்த பள்ளி மாணவன். தொலைக்காட்சி எங்களுக்கு எட்டாத பொருள். ஆயினும் செவிவழியாக வந்த அந்தக் கேட்சை எங்களில் ஒவ்வொருவரும் மனத்திரையில் நூறு முறை பிடித்திருந்தோம். சில வாரங்களுக்குப் பின் வகுப்புகளுக்கிடையே நடந்த ஆட்டத்தில், என் நண்பன் அடித்த பந்தை நோக்கிப் பின்னோக்கி ஓடினேன், விழுந்தேன், எழும்போது பந்து என் கையில் இருந்தது. தரையில் பட்டுத்தான் வந்தது. அது எனக்குத் தெரியும். எல்லாரும் கத்தினார்கள். நான் கையை உயர்த்தினேன். அவன் ஒன்றும் கேட்காமல் நடந்து போனான். அன்று எங்கள் வகுப்பு வென்றது. என்னைத் தோளில் தூக்கினார்கள். அந்தத் தோள்களின் உயரத்திலிருந்து அவனைப் பார்த்தது இன்றும் மறக்கவில்லை.

சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அளவில் சிறியது தன்மையிலும் சிறியதாக இருக்க வேண்டியதில்லை. பிறர் ஒப்புரவுக்காக என்முன் மண்டியிட்ட வேளைகளிலெல்லாம் எங்கோ ஒரு மூலையில் அந்த உயர்த்திய கை எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, ஒரு திருமண வீட்டில் அவனைச் சந்தித்தபோது சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான். "அன்னைக்கே தெரியும். கேட்ச் பிடிச்சவன் பந்தத்தான் பாப்பான். நீ என் மூஞ்சியப் பாத்த. நீயே சொல்லுவன்னு நெனச்சேன். அப்புறம் மறந்துட்டேன். நீ இன்னுமா அதச் சுமந்துட்டு இருக்க?"

அந்த மன்னிப்பு என்னை நோக்கி எவ்வளவு மென்மையாக எறியப்பட்டது! ஆயினும் என் கை விறைத்தது. "இல்லை, அது பெரிய தவறு" என்று விளக்கத் தொடங்கினேன். ஏதாவது ஈடு செய்ய முடியுமா என்றுகூடக் கேட்டேன். இலவசமாகக் கிடைத்ததை விலைகொடுத்து வாங்கப் பார்த்தேன். கடனாளியாக நிற்க என் செருக்கு இடங்கொடுக்கவில்லை. அவன் என் தோளில் கைவைத்து, "விடு" என்றான். அந்த ஒரு சொல்லில் பயிற்சியின் பாலபாடம் முழுவதும் அடங்கியிருந்ததென்பது எனக்கு அப்போது தெரியவில்லை. இந்த ஆண்டு, அந்தத் திடலில்தான் தெரிந்தது.

ஆகவே என் கேள்விக்கு நான் கண்ட விடை இதுதான். அருளாயினும் அன்பாயினும் மன்னிப்பாயினும், அதை நம்மால் உண்டாக்க முடியாது, பறிக்கவும் முடியாது. அது வேறொருவர் கையிலிருந்து வருவது. அதற்காகக் கண்ணை மூடாமல் நிற்பதும், கையை இளக்கி வைத்திருப்பதும், வராததை வந்ததாகச் சொல்லாதிருப்பதும் நம்முடைய வேலை. இவற்றைக் கற்றுக்கொள்ளலாம், நாள்தோறும் பழகலாம், தவறினால் மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்கலாம்.

அந்தப் பையனும் அன்று அதைத்தான் செய்தான். மட்டையாளன் திரும்பி வந்தான். கேட்ச் கணக்கில் சேரவில்லை. இளைஞர் ஒன்றும் பேசாமல் அவன் தலையைத் தடவிவிட்டு, அவனை மறுபடியும் அதே இடத்தில் நிற்கச் சொன்னார். அவன் கால்களைப் பரப்பி, முழங்காலை மடக்கி, அடுத்த பந்துக்காகக் குனிந்து நின்றான்.